பதுளையிலிருந்து மும்பைக்கு ஒரு சர்வர் கேட்டால்

பதுளையில் ஒரு மாணவர் மடிக்கணினியில் பத்துப் பதினைந்து வரிகள் எழுதுகிறார். எந்த வகை சர்வர், எந்தப் பிராந்தியம், என்ன பெயர், அவ்வளவுதான். பிறகு 'டெராஃபார்ம் அப்ளை' என்று அடித்து, அது கேட்கும் கேள்விக்கு 'யெஸ்' என்கிறார். சற்று நேரத்தில் மும்பையில் ஒரு சர்வர் ஓடத் தொடங்கிவிடுகிறது. இலங்கையில் இன்னும் அமேசானின் கிளவுட் பிராந்தியம் எதுவும் இல்லை. 2016இல் மும்பையிலும் 2022இல் ஹைதராபாத்திலும் திறந்தவைதான் கிட்டத்தில் இருப்பவை.

இந்த வேலையைச் செய்தது யார்? டெராஃபார்ம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் டெராஃபார்மின் மையப் பகுதிக்கு அமேசான் என்றால் என்னவென்றே தெரியாது. சர்வர் என்றால் என்ன, மும்பை எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. எழுதிய கோப்பை வாசிக்கும், எது எதைச் சார்ந்திருக்கிறது என்று ஒரு வரைபடம் போடும், எதை முதலில் எதைப் பிறகு செய்வது என்று வரிசைப்படுத்தும். ஒன்றையொன்று சாராத வேலைகள் இருந்தால் வழக்கமாகப் பத்து வரை ஒரே நேரத்தில் ஓடவிடும். அமேசானோடு போய்ப் பேசுவது வேறொரு நிரல். அதற்குப் பெயர் புரொவைடர்.

டெராஃபார்ம் போன்று உட்கட்டமைப்பைக் கோடாக எழுதும் கருவிகளைக் கற்பிக்கும் வகுப்புகளில் மொழியின் இலக்கணத்துக்கு முழு நாள் கிடைக்கிறது, புரொவைடருக்கு ஒரு பத்தி கிடைக்கிறது. இது பெரிய குறை. ஏதாவது உடையும்போது தேடிப்போக வேண்டிய இடம் பெரும்பாலும் இந்தப் புரொவைடர்தான். அது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தவருக்குப் பிழைச் செய்தி படிக்கக் கிடைக்கும் தகவல். தெரியாதவருக்கு அது வெறும் சிவப்பு எழுத்து.

மிட்செல் ஹாஷிமோட்டோவும் அர்மான் தாத்கரும் 2012இல் தொடங்கிய ஹாஷிகார்ப் நிறுவனம், 2014 ஜூலையில் டெராஃபார்மின் முதல் பதிப்பை வெளியிட்டது. அந்தக் காலத்தில் புரொவைடர்கள் எல்லாம் மையப் பகுதியோடு ஒரே களஞ்சியத்தில் வளர்ந்து, ஒன்றாகவே வெளிவந்தன. அமேசான் புரொவைடரில் ஒரு சிறு திருத்தம் செய்தால்கூட டெராஃபார்மின் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். 2017 ஆகஸ்டில் வந்த 0.10 பதிப்பு இரண்டையும் பிரித்தது. அதன் பிறகு ஒவ்வொரு புரொவைடருக்கும் தனிப் பதிப்பு எண், தனி வேகம். 2020 ஆகஸ்டில் வந்த 0.13 பதிப்போ, யார் எழுதிய புரொவைடரானாலும் பொதுப் பதிவகத்தில் இருந்தால் தானாகவே இறக்கிக்கொள்ள வழி செய்தது. டெராஃபார்மின் வரலாற்றில் பெரிய திருப்பம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், மொழியில் வந்த எந்த மாற்றத்தையும்விட இந்தப் பிரிவினையைத்தான் சொல்ல வேண்டும்.

'டெராஃபார்ம் இனிட்' என்று அடிக்கும்போது நடப்பது இந்த இறக்கம்தான். எந்தப் புரொவைடர் வேண்டும், எந்தப் பதிப்பு வரை ஏற்கலாம் என்று கோப்பில் எழுதியிருப்பதைப் பார்த்து, பதிவகத்திலிருந்து அந்தந்த இயங்குதளத்துக்கு உரிய கோப்பை எடுக்கிறது. கோப்போடு வரும் சரிபார்ப்புத் தொகையும் கையொப்பமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறது. பிறகு பதிப்பையும் சரிபார்ப்புத் தொகையையும் ஒரு பூட்டுக் கோப்பில் எழுதிவைக்கிறது. 0.14 பதிப்பிலிருந்து இது வழக்கம். அந்தப் பூட்டுக் கோப்பை கிட்டில் சேர்க்காமல் விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பதுளையில் ஒருவர் கணினியிலும் கொழும்பில் இன்னொருவர் கணினியிலும் வேறு வேறு பதிப்புகள் ஓடும். ஒரே கோட் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

பதுளை, பசறை, லுணுகலைப் பக்கங்களில் இருந்து படிப்பவர்களுக்கு இந்த இறக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமேசான் புரொவைடர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வள வகைகளை அறிந்த பிரமாண்டமான நிரல். விரித்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கான மெகாபைட். புதிதாக ஒரு கோப்புறையைத் திறந்து பயிற்சி செய்யும் ஒவ்வொரு தடவையும் 'இனிட்' அதை மறுபடி இறக்கும். தோட்டத்து லயத்தில் கைபேசி டேட்டாவை மடிக்கணினிக்குப் பகிர்ந்து படிக்கும் பிள்ளைக்கு இரண்டு மூன்று பயிற்சிகளிலேயே டேட்டா பொதி கரைந்துவிடும். இதற்குத் தீர்வு டெராஃபார்முக்குள்ளேயே இருக்கிறது. பிளக்இன் தற்காலிகச் சேமிப்புக் கோப்புறை ஒன்றை அமைத்துவிட்டால், ஒருமுறை இறக்கிய பதிப்பை, அது பூட்டுக் கோப்பில் பதிவாகியிருக்கும் எல்லாக் கோப்புறைகளும் பகிர்ந்துகொள்ளும். 'புரொவைடர்ஸ் மிரர்' என்ற கட்டளையால் வேண்டிய புரொவைடர்களை ஒரு கோப்புறையில் பிரதியெடுத்து, பென் டிரைவில் போட்டு வகுப்புக்கே கொடுக்கலாம். ஆய்வுகூடத்தில் ஒரு கணினியில் அப்படி ஒரு பிரதி வைத்திருந்தால் நாற்பது மாணவர்கள் நாற்பது முறை இறக்க வேண்டியதில்லை. ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டிய விஷயம் இது.

இனி ஓடும் நேரத்துக்கு வருவோம்.

இறங்கிய புரொவைடர் தனியாக ஓடக்கூடிய ஒரு நிரல். பெரும்பாலும் கோ மொழியில் எழுதப்பட்டது. அதை நேரடியாக ஓட்டிப் பார்த்தால், இது ஒரு பிளக்இன், நேரடியாக ஓட்டுவதற்கு இல்லை என்று சொல்லி நின்றுவிடும். டெராஃபார்ம் அதைத் துணைச் செயல்முறையாகக் கிளப்பும்போது, சூழல் மாறி ஒன்றில் ஒரு அடையாளப் பெறுமதியை வைக்கிறது. அந்தப் பெறுமதி இருந்தால்தான் புரொவைடர் வேலை தொடங்கும். தொடங்கியதும் தன் வெளியீட்டில் ஒரே ஒரு வரி எழுதுகிறது: நான் பேசும் நெறிமுறையின் பதிப்பு எண் இது, என்னை இந்த முகவரியில் அழைக்கலாம் என்று. லினக்ஸில் அந்த முகவரி ஒரு யூனிக்ஸ் சாக்கெட், விண்டோஸில் அதே கணினிக்குள் ஒரு போர்ட். அதன் பிறகு இருவரும் ஜிஆர்பிசி வழியாகப் பேசுகிறார்கள்.

தனிச் செயல்முறையாக வைத்ததால் கிடைக்கும் நன்மை பெரியது. புரொவைடர் நடுவில் செயலிழந்து விழுந்தாலும் டெராஃபார்ம் விழாது. அதுவரை நடந்ததை ஸ்டேட் என்ற பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு, பிளக்இன் செயலிழந்தது என்று சொல்லி ஒழுங்காக முடிக்கும். ஒரே அப்ளையில் அமேசான், கிளவுட்ஃபிளேர், கிட்ஹப் என்று மூன்று புரொவைடர்கள் ஓடினால் ஒன்றின் நோய் மற்றதைத் தொற்றாது.

முதலில் நடப்பது அறிமுகம். உனக்கு என்னென்ன வளங்கள் தெரியும், ஒவ்வொன்றுக்கும் என்னென்ன புலங்கள், எது கட்டாயம், எது ரகசியம், எதை நீயே நிரப்புவாய் என்று மையப் பகுதி கேட்கிறது. புரொவைடர் தன் முழு அட்டவணையையும் கொடுக்கிறது. எழுத்துப்பிழையோடு ஒரு புலத்தை எழுதினால் டெராஃபார்ம் உடனே பிடித்துவிடுவதற்குக் காரணம் இந்த அட்டவணைதான். பிறகு கடவுச்சாவி, பிராந்தியம் போன்றவற்றைக் கொடுத்துப் புரொவைடரைத் தயார்ப்படுத்துகிறது.

அடுத்து வருவது வாசிப்பு. ஏற்கெனவே உருவாக்கிய ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு பதிவு ஸ்டேட் கோப்பில் இருக்கிறது. அந்தப் பதிவைக் காட்டி, இது இப்போது உண்மையில் எப்படி இருக்கிறது என்று மையப் பகுதி கேட்கிறது. புரொவைடர் அமேசானின் ஏபிஐயைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறது. யாரோ இணையப் பக்கத்தில் போய்க் கையால் எதையாவது மாற்றியிருந்தால் தெரியவருவது இங்கேதான். வளமே இல்லை என்று புரொவைடர் சொன்னால், மையப் பகுதி அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மறுபடி உருவாக்கத் திட்டம் போடும்.

வாசிப்பு சரியாக எழுதப்படாத புரொவைடர் எவ்வளவு அழகாக உருவாக்கினாலும் ஆபத்தானது. மேகச் சேவைகளில் இப்போதுதான் உருவாக்கிய ஒன்றைக் கேட்டால் சில நொடிகளுக்கு அப்படி ஒன்று இல்லையே என்று பதில் வருவது சகஜம். அமேசானின் ஐஏஎம் பாத்திரங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். உருவாக்கியாகிவிட்டது, ஆனால் செய்தி எல்லா இடத்துக்கும் பரவவில்லை. அவசரக்காரப் புரொவைடர் அந்தப் பதிலை நம்பி, வளம் காணாமல் போய்விட்டது என்று எழுதிவிடும். அனுபவமுள்ளவர்கள் எழுதிய புரொவைடர் சற்று காத்திருந்து மறுபடி கேட்கும். அமேசான் புரொவைடரின் மூலக் கோடைத் திறந்து பார்த்தால், இப்படிக் காத்திருப்பதற்காகவும் மறுமுயற்சிக்காகவும் எழுதப்பட்ட பகுதிகள் எத்தனை என்று பார்த்து மலைத்துப்போகலாம். பல ஆண்டுகளாகப் பலர் தடுக்கி விழுந்து கற்றவை அவை. அந்தக் கோடைப் படிக்கப் பணம் கட்ட வேண்டியதில்லை.

வாசிப்புக்குப் பிறகு திட்டம். இப்போது இருப்பது இது, வேண்டியது இது, என்ன செய்வாய் என்று மையப் பகுதி கேட்கிறது. இருப்பதையே மாற்றலாமா, அழித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டுமா என்பதைச் சொல்வது புரொவைடரின் பொறுப்பு. தரவுத்தளத்தின் பெயரை மாற்றினால் தரவுத்தளமே அழிந்து புதிதாக வரும் என்று திட்டம் எச்சரித்தால், அந்த எச்சரிக்கையை அங்கே வைத்தவர் புரொவைடரை எழுதியவர். உருவாக்கிய பிறகே தெரியும் பெறுமதிகளை, ஐபி முகவரி போன்றவற்றை, இப்போது தெரியாது என்று குறித்துவைக்கும்.

கடைசியாக அப்ளை. இங்கே ஒரு அருமையான ஏற்பாடு இருக்கிறது. திட்டத்தில் சொன்னதற்கும் செய்த பிறகு கொண்டுவந்த பதிலுக்கும் முரண்பாடு இருந்தால், புரொவைடர் சொன்னதும் செய்ததும் ஒத்துப்போகவில்லை, இது புரொவைடரின் பிழை என்று மையப் பகுதி வெளிப்படையாகச் சொல்லி நிறுத்துகிறது. பழைய கருவிப்பெட்டியில் எழுதிய புரொவைடர்களுக்கு இந்த விதியில் தளர்வு உண்டு. 2022 டிசம்பரில் 1.0 ஆன புதிய பிளக்இன் ஃபிரேம்வொர்க்கில் எழுதியவற்றுக்குத் தளர்வு கிடையாது. புதிதாக எழுதுகிறவர்கள் புதியதிலேயே தொடங்குவது நல்லது. கண்டிப்பான ஆசிரியரிடம் படிப்பதில் நஷ்டம் இல்லை.

எல்லாம் சரியாக ஓடும்போது இவ்வளவுதான். கரண்ட் போனால்?

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுதும் இருண்டதும் நினைவிருக்கும். இப்படிப்பட்ட ஊரில் இருந்து கிளவுட் வேலை செய்கிறவர் அப்ளை பாதியில் நிற்பதைக் கட்டாயம் எதிர்கொள்வார். சர்வர் ஒன்றை உருவாக்கச் சொல்லிப் புரொவைடர் கோரிக்கையை அனுப்பிவிட்டது, மும்பையில் சர்வரும் எழுந்துவிட்டது, ஆனால் பதில் வந்து ஸ்டேட் கோப்பில் பதிவாவதற்குள் மடிக்கணினி அணைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் வந்ததும் மறுபடி அப்ளை செய்தால் டெராஃபார்முக்கு அந்தச் சர்வரைப் பற்றி எதுவும் தெரியாது. இன்னொன்றை உருவாக்கும். முதலாவது யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும், மாதக் கடைசியில் டாலரில் பில் வரும். எஸ்3 சேமிப்பகம் போன்று பெயர் வைத்து உருவாக்குவதாக இருந்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று பிழை வரும். அது எவ்வளவோ மேல், உடனே தெரிந்துவிடுகிறதே.

அனாதையாக நிற்கும் வளத்தை 'இம்போர்ட்' செய்து கணக்கில் சேர்க்கலாம். 2023 ஜூனில் வந்த 1.5 பதிப்பிலிருந்து இதைக் கோப்பிலேயே எழுதித் திட்டத்தோடு சேர்த்துச் செய்ய முடிகிறது. புரொவைடரை எழுதுகிறவர்கள் தங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. உருவாக்கச் சொன்னதும் அமேசான் அடையாள எண்ணைக் கொடுத்துவிடும், சர்வர் முழுதாகத் தயாராக மேலும் ஒரு நிமிடம் ஆகலாம். அடையாள எண்ணை உடனே குறித்துக்கொண்டு அதன் பிறகு காத்திருப்பது நல்ல புரொவைடர். காத்திருக்கும்போது பிழை வந்தாலும் வளம் பதிவில் நிற்கும், பழுதானது என்ற குறியோடு.

ஸ்டேட் கோப்பை ஒரே நேரத்தில் இருவர் மாற்றினால் அது குழம்பிவிடும். அதற்காகவே அதன் மேல் ஒரு பூட்டு இருக்கிறது. இது புரொவைடரின் வேலை இல்லை, கோப்பை வைத்திருக்கும் பின்புலத்தின் வேலை. பதுளைப் புகையிரதத்தில் போய்வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மலையகத்தின் ஒற்றைப் பாதையில், இரும்பு வளையத்தில் கோத்த பையை நிலைய அதிபர் சாரதியிடம் கொடுப்பதைப் பார்த்திருப்பார்கள். பைக்குள் இருக்கும் உலோக வில்லை கையில் இருந்தால்தான் அடுத்த நிலையம் வரை போகலாம். இரு நிலையங்களின் கருவிகளும் மின்கம்பியால் இணைந்திருப்பதால், வெளியே எடுத்த வில்லை திரும்பக் கருவிக்குள் போகும்வரை இன்னொன்றை எடுக்க முடியாது. எட்வர்ட் டையர் 1878இல் இங்கிலாந்தில் உருவாக்கிய முறை அது. ஸ்டேட் பூட்டும் அதே காரியத்தைச் செய்கிறது. முன்பு எஸ்3 சேமிப்பகத்தில் ஸ்டேட் வைத்தால் பூட்டுக்கு டைனமோடிபி அட்டவணை வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் வந்த 1.10 பதிப்பிலிருந்து எஸ்3 தானே பூட்டையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

கரண்ட் போய்க் கணினி அணைந்தால் அந்தப் பூட்டு திறக்காமல் அப்படியே கிடக்கும். 'ஃபோர்ஸ் அன்லாக்' என்று கட்டளை கொடுத்துத் திறக்கலாம். திறப்பதற்கு முன், பூட்டில் எழுதியிருக்கும் பெயரையும் நேரத்தையும் பார்த்து, அந்த ஆளைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.

புரொவைடர் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை, அதற்கும் ஒரு கருத்து உண்டு என்பதற்கு 2022 பெப்ரவரியில் வந்த அமேசான் புரொவைடர் 4.0 நல்ல சான்று. அதுவரை எஸ்3 சேமிப்பகம் ஒரே வளமாக இருந்தது. பதிப்பு வைத்தல், அணுகல் பட்டியல், பழைய கோப்புகளை நீக்கும் விதி, குறியாக்கம் எல்லாம் அதன் உட்பகுதிகள். ஆனால் அமேசானின் ஏபிஐயில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி அழைப்பு. ஒரு சேமிப்பகத்தை வாசிக்க வரிசையாகப் பல கதவுகளைத் தட்ட வேண்டும், ஏதாவது ஒன்றுக்கு அனுமதி இல்லாவிட்டால் முழு வளமும் படுத்துவிடும். அதனால் 4.0இல் ஒவ்வொன்றையும் தனி வளமாகப் பிரித்தார்கள். பழைய புலங்களில் எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும் என்று ஆக்கினார்கள். காரணம் நியாயமானது. ஆனால் உலகம் முழுதும் எண்ணற்ற கோப்புகளைத் திருத்தி, ஒவ்வொரு பகுதியையும் இம்போர்ட் செய்ய வேண்டிய நிலை வந்தது. எதிர்ப்பு பலமாக எழுந்ததும், அதே ஆண்டு ஏப்ரலில் வந்த 4.9 பதிப்பில் பழைய முறையையும் ஏற்றுக்கொண்டு, இது ஒருநாள் நீங்கும் என்ற குறிப்பை மட்டும் வைத்தார்கள். பூட்டுக் கோப்பு வைத்திருந்தவர்கள் அந்த இரண்டு மாதங்களையும் பதற்றமில்லாமல் கடந்தார்கள்.

2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் டெராஃபார்மின் திறந்த மூல உரிமத்தை மாற்றியது. மறுப்புத் தெரிவித்தவர்கள் பிரிந்துபோய்த் தொடங்கிய ஓப்பன்டோஃபு அடுத்த மாதமே லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்தது, 2024 ஜனவரியில் 1.6 பதிப்பாக வெளியானது. அவ்வளவு விரைவில் அது பயன்படக்கூடியதாக இருந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், புரொவைடர்களைப் புதிதாக எழுத வேண்டியிருக்கவில்லை என்பது. ஹாஷிகார்பின் சொந்தப் புரொவைடர்களுக்குப் பழைய உரிமமே தொடர்ந்தது. நடுவில் இருக்கும் நெறிமுறை ஒன்றே என்பதால் அதே கோப்புகள் இங்கும் ஓடின. பைதானிலும் டைப்ஸ்கிரிப்டிலும் எழுதவிடும் புலுமி என்ற கருவியும், தன்னுடைய பல புரொவைடர்களை டெராஃபார்ம் புரொவைடர்களின் மேல் ஒரு பாலம் போட்டுத்தான் உருவாக்கியது. கருவிகள் சண்டை போட்டுக்கொள்கின்றன, புரொவைடர்கள் எல்லோருக்கும் வேலை செய்கின்றன. பதிவகத்தில் ஒரு புரொவைடரைச் சேர்க்க யாருடைய பரிந்துரையும் தேவையில்லை என்பதால், மலையகத்தில் இருந்து படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் துறை திறந்தே கிடக்கிறது. 2005இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்கும் ஒருவர் ஒரு பருவத்துச் செயற்றிட்டமாகவே இதை எடுத்துச் செய்யலாம்.

புரொவைடர் எழுதக் கற்றுத்தர ஹாஷிகார்ப் வைத்திருக்கும் மாதிரிக்கு ஹாஷிகப்ஸ் என்று பெயர். காப்பிக் கடையின் ஏபிஐ அது, ஓடர் கொடுப்பது, மாற்றுவது, ரத்துச் செய்வது எல்லாம் உண்டு. இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்த இலைத் துரு நோய் 1869இல் முதலில் காணப்பட்டது பதுளை மாவட்டத்து மடுல்சீமையில். இங்கே இருந்து எழுதுகிறவர் அந்த மாதிரியைத் தேயிலைக்கு மாற்றி எழுதினால் நன்றாக இருக்கும். என்ன வளமாகும், என்ன ஆகாது என்பதை மட்டும் முதலில் யோசிக்க வேண்டும். தோட்டத்தின் பிரிவுகள், கொழுந்து நிறுக்கும் நிலையங்கள், அவற்றுக்கான பயனர் கணக்குகள் வளங்கள். உருவாக்கலாம், வாசிக்கலாம், மாற்றலாம், நீக்கலாம். இன்று காலை நிறுத்த கொழுந்தின் எடை வளம் இல்லை. அது நடந்துமுடிந்த நிகழ்ச்சி, அதை நீக்கு என்று சொல்வதற்குப் பொருளே இல்லை. டொமினோஸில் பீட்சா ஓடர் கொடுக்க ஒருவர் விளையாட்டாக எழுதிய புரொவைடர் ஒன்று உண்மையிலேயே உண்டு. அதில் அழிப்பு வேலையை முடிப்பது பீட்சாவைச் சாப்பிடுகிறவர்தான்.

கடனட்டை இல்லாமல், அமேசான் கணக்கு இல்லாமல், குறைந்த டேட்டாவில் தொடங்க விரும்புகிறவர் 'ராண்டம்' புரொவைடரை எடுத்துக்கொள்ளலாம். சிறியது, வெளியே யாரோடும் பேசாது. ஒரு சொல்லையோ எண்ணையோ உருவாக்கி ஸ்டேட் கோப்பில் வைப்பதோடு சரி. டெராஃபார்மின் பதிவு அளவை 'டிரேஸ்' என்று வைத்துவிட்டு ஒரு பிளான் ஓட்டினால், செயல்முறை கிளம்புவது, கைகுலுக்கல், அட்டவணை கேட்பது, திட்டம் கேட்பது என்று மேலே சொன்ன எல்லாமே வரிசையாகத் திரையில் ஓடும். அதன் மூலக் கோடு கிட்ஹப்பில் இருக்கிறது. ஒரு வளத்தின் கோப்பைத் திறந்து முதலில் வாசிப்புச் செயற்பாட்டைப் படியுங்கள். அங்கே ஏறக்குறைய ஒன்றுமே எழுதியிருக்காது. வெளியே போய்ப் பார்க்க எதுவும் இல்லாத வளத்துக்கு ஸ்டேட் கோப்பில் இருப்பதே முழு உண்மை. அடுத்து டாக்கர் புரொவைடரில் கொள்கலன் வளத்தின் வாசிப்பைத் திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.